கட்டில்ல மடங்குற முட்டி நடக்கும்போது ஏன் மடங்க மாட்டேங்குது?

திருப்பூர்ல இருந்து ஒரு வாசகி ரெண்டு பக்கத்துக்கு எழுதியிருக்காங்க. சுருக்கிச் சொல்றேன். அம்மாவுக்கு 63 வயசு, வலது முட்டி மாத்துன ஆபரேஷன் முடிஞ்சு பத்து வாரம். போன வாரம் பிசியோ அளந்து பாத்தப்போ 95 டிகிரி மடங்கியிருக்கு (கால் நேரா நீட்டினா 0). எதிர் வீட்டு அக்காவுக்கும் அதே மாசம்தான் ஆபரேஷன், அவங்களுக்கு 120 வந்துடுச்சாம், வந்து தரையில வேற உக்காந்து காட்டிட்டுப் போயிருக்காங்க, அன்னையில இருந்து அம்மாவுக்குத் தூக்கம் இல்ல. நடக்கறப்போ கால கட்டை மாதிரி இழுத்து வைக்கறாங்க, மாடிப்படி பக்கமே போறதில்ல, ராத்திரி முட்டிக்கு அடியில தலகாணி வச்சாத்தான் படுக்க முடியுது, முட்டி எப்பவும் சூடா இருக்கு, நடந்தா டக் டக்னு சத்தம் வேற. தம்பி பின்னாடி நின்னு முட்டிய அழுத்தி மடக்கிவிடறாராம். "95 போதுமா மேடம்? அம்மா இனிமே தரையில உக்காரவே முடியாதா? கூடுதலா மடங்கற மாதிரி ஹை ஃப்ளெக்ஸ் மூட்டுன்னு ஒண்ணு இருக்காமே, அத போட்டிருந்தா இந்த நிலம வந்திருக்காதோ, காசப் பாத்து தப்பு பண்ணிட்டோமோ"ன்னு முடிச்சிருக்காங்க.

வணக்கம்மா. கடைசியா கேட்டதுக்கே முதல்ல பதில் சொல்லிடறேன், ஏன்னா உங்களை உள்ளுக்குள்ள அரிக்கறது அதுதான்னு எழுத்துலயே தெரியுது. தப்பு எதுவும் பண்ணல. ஹை ஃப்ளெக்ஸ் மூட்டையும் சாதாரண மூட்டையும் வச்சு நிறைய ஆராய்ச்சி பண்ணிப் பாத்துட்டாங்க, மடங்குறதுல பெருசா சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் வரல. காசு விஷயமும் நீங்க நெனைக்கற அளவுக்கு இல்ல, 2017 ஆகஸ்ட்ல மத்திய அரசு முட்டி மூட்டுக்கு விலை வரம்பு போட்டப்போ சாதாரண கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு 54,720 ரூபாய், ஹை ஃப்ளெக்ஸுக்கு 56,490, ஜிஎஸ்டி தனி. அப்போ ரெண்டுக்கும் நடுவுல ரெண்டாயிரம் கூட வித்தியாசம் இல்ல. ஆபரேஷனுக்கு அப்புறம் முட்டி எவ்வளவு மடங்கும்னு முன்கூட்டியே ஒரு கணக்கு சொல்லணும்னா, ஆபரேஷனுக்கு முன்னாடி எவ்வளவு மடங்கிச்சுன்னு பாக்கறதுதான் பெரிய கணக்கு. எதிர் வீட்டு அக்காவுக்கு முன்னாடியே நல்லா மடங்கியிருக்கலாம், உங்க அம்மா பத்து வருஷம் வலியோட கால நீட்டியே வச்சு ஓட்டியிருக்கலாம். அதனால அந்த 120அ அங்கயே விட்டுடுங்க.

இப்போ விஷயத்துக்கு வருவோம். உங்க லெட்டர்ல எனக்கு கவலையா பட்டது 95 இல்ல. "கட்டை மாதிரி இழுத்து வைக்கறாங்க"ன்னு ஒரு வரி, அப்புறம் அந்தத் தலகாணி. இந்த ரெண்டுதான்.

ஒவ்வொரு வேலைக்கும் முட்டி எவ்வளவு மடங்கணும்னு ஏறக்குறைய ஒரு கணக்கு இருக்கு. சமதரையில நடக்க 60, 65 டிகிரி போதும். படி ஏற 85 பக்கம். சேர்ல உக்காந்து எந்திரிக்கவும் படி இறங்கவும் 90ல இருந்து 100. தரையில விழுந்த சாமானை முட்டிய மடக்கி எடுக்கணும்னா 110க்கு மேல போகும். குத்த வச்சு உக்கார்றதுக்கு 130 தாண்டணும், முழுசா குதிகால்ல உக்கார்றவங்களுக்கு 150 கூட ஆகும். முட்டி மாத்துனவங்க பலருக்கும் கடைசியா 110ல இருந்து 120க்குள்ள வந்து நிக்கும். ஆக 95ன்றது வீட்டுக்குள்ள நடமாட, சேர்ல உக்கார, படி ஏற எல்லாத்துக்கும் கிட்டத்தட்ட போதுமான மடக்கு. இன்னும் ஒரு 15 டிகிரி வந்தா சௌகரியம், வரும், மாசக் கணக்குல மெதுவா வந்துட்டே இருக்கும். ஆனா 95 கையில இருக்கறப்போ, வெறும் 60 கேக்குற நடைக்கு எதுக்கு கால் கட்டையா போகணும்? இதத்தான் நீங்க கேட்டிருக்கணும், நீங்க கேக்கல, நான் கேக்கறேன்.

காரணம் மூட்டுல இல்லம்மா, முக்கால்வாசி பயத்துல இருக்கு, மிச்சம் தொடையில. ஆபரேஷன் முடிஞ்ச முதல் மாசத்துல முன் தொடை தசை தன் பலத்துல பாதிக்கு மேல இழந்துடும், இது எல்லாருக்கும் நடக்கறது. பலம் இல்லாத தொடையோட முட்டிய மடக்கி வெயிட் போட்டா மடிஞ்சு விழுந்துடுவோமோன்னு மூளை நெனைக்குது, உடனே முட்டிய பூட்டுப் போட்டு வச்சுக்கிட்டு இடுப்ப தூக்கி கால வெளிப்பக்கமா ஒரு வட்டம் அடிச்சு வைக்க ஆரம்பிச்சுடுவாங்க. கட்டில்ல பிசியோ புடிச்சு மடக்கறப்போ 95 வரும், ஹால்ல இருந்து அடுப்படிக்கு நடக்கறப்போ 30 கூட வராது. நான் இந்த பிசியோ வேலைக்கு வந்த புதுசுல இதப் புரிஞ்சுக்காம நோயாளி தலைமாட்டுல சார்ட் ஒட்டி தினமும் டிகிரி எழுதிட்டு இருந்தவதான். ஒரு பூக்காரம்மாவுக்கு 112 எழுதிட்டு பெருமையா நிமிந்து பாத்தா அந்தம்மா எந்திரிச்சு அதே கட்டைக் காலோட வாசலுக்குப் போறாங்க. சார்ட்டக் கிழிச்சுப் போட்டேன்.

அதனால நடை. குதிகால் முதல்ல தரையில படணும், அப்போ முட்டி கிட்டத்தட்ட நேரா இருக்கணும், அப்புறம் பாதம் முழுசா பதிஞ்சு, கடைசியா கட்டை விரல் தரையைத் தள்ளணும், தள்ளின உடனே முட்டி தானா மடிஞ்சு முன்னாடி வரும். அம்மா இந்த "தள்ளறது"அ செய்யறதே இல்லன்னு அடிச்சுச் சொல்வேன், கால அப்படியே அலாக்கா தூக்கி வைப்பாங்க. அடுப்படி மேடைய ஒரு கையில புடிச்சுக்கிட்டு, வலது கால பின்னாடி வச்சு, குதிகால மட்டும் தூக்கி முட்டிய லேசா முன்னாடி விடச் சொல்லுங்க. அவ்வளவுதான். சோறு கொதிக்கற நேரத்துல இருபது தடவை. அப்புறம் நடக்கறப்போ தரையில பென்சில் கெடக்கற மாதிரி நெனச்சு அதத் தாண்டி வைக்கச் சொல்லுங்க, இடுப்பால இல்ல, முட்டியால. அம்மா இன்னும் ஸ்டிக் வச்சிருந்தா அது இடது கையில இருக்கான்னு பாருங்க. வலது கால் ஆபரேஷன்னா ஸ்டிக் இடது கையில. பாதிப் பேரு வலி இருக்கற பக்கமே புடிச்சுக்கிட்டு ஒரு பக்கமா சாஞ்சு சாஞ்சு நடக்கறத நான் தினமும் பாக்கறேன், வீட்டுல யாரும் சொல்றதும் இல்ல.

தலகாணி விஷயத்துல கண்டிப்பா இருங்க. எடுத்துக் கொடுக்கற நீங்களே அத அங்கிருந்து எடுத்துடுங்க. முட்டிக்கு அடியில தலகாணி வச்சா இதமாத்தான் இருக்கும், ஏன்னா வீங்கின முட்டிக்கு லேசா மடங்கின நிலைதான் சுகம். ஆனா ராத்திரி ஏழு எட்டு மணி நேரம் அப்படியே கெடந்தா பின்பக்கம் எல்லாம் அந்த அளவுக்கே சுருங்கிடும். மடக்கத்துல 10 டிகிரி குறைஞ்சா பெருசா ஒண்ணும் ஆகாது, ஆனா நீட்டத்துல, அதாவது கால் முழுசா நேராகறதுல, 10 டிகிரி குறைஞ்சா நிக்கறப்போ எல்லாம் தொடை வேலை செஞ்சுட்டே இருக்கணும், சும்மா பால் வாங்க க்யூல நின்னாலே கால் கடுக்கும், அந்தக் கால் குட்டையான மாதிரி நொண்டி நடப்பாங்க, இடுப்பு வலி வரும், நல்ல முட்டியும் சேந்து தேயும். ஒரு சோதனை சொல்றேன், இன்னைக்கே பாத்துடுங்க. அம்மாவை கட்டில்ல மல்லாக்க படுக்க வச்சு, ரெண்டு காலையும் நீட்டி, முட்டிக்குப் பின்னாடி உங்க உள்ளங்கைய நுழைச்சுப் பாருங்க. இடது பக்கம் எவ்வளவு இடம் இருக்கு, வலது பக்கம் எவ்வளவு இருக்குன்னு. வலது பக்கம் கை தாராளமா போய்ட்டு வந்தா நீட்டம் பாக்கின்னு அர்த்தம். அப்படின்னா தலகாணி போற இடம் குதிகாலுக்கு அடியில, டவல சுருட்டி அங்க வச்சு முட்டி அந்தரத்துல தொங்கற மாதிரி விட்டு, பத்து நிமிஷம், ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை, அந்த நேரத்துல முட்டியால கட்டில அமுக்கற மாதிரி தொடைய இறுக்கி அஞ்சு எண்ணி விடணும். வலிக்கும். சீரியல் ஓடறப்போ பண்ணச் சொல்லுங்க, பாதி வலி தெரியாது.

சேர்ல இருந்து அம்மா எப்படி எந்திரிக்கறாங்கன்னு ஒரு தடவை எதிர்ல உக்காந்து பாருங்களேன். வலது பாதத்த நல்லா முன்னாடி நீட்டி வச்சுட்டு, ரெண்டு கையையும் ஊனி, முழு வெயிட்டையும் இடது கால்ல போட்டு எந்திரிப்பாங்க. ஆபரேஷன் ஆன முதல் வாரத்துல நாங்களே அப்படித்தான் சொல்லிக் கொடுப்போம். பிரச்சனை என்னன்னா பத்து வாரம் கழிச்சும் அதையே பண்ணிட்டு இருப்பாங்க, யாரும் "போதும், மாத்துங்க"ன்னு சொல்லியிருக்க மாட்டாங்க. இப்போ மாத்தணும். சேரோட விளிம்புக்கு நகந்து வரணும், ரெண்டு பாதத்தையும் சமமா பின்னாடி இழுத்துக்கணும், மூக்கு கால் விரலுக்கு நேரா வர்ற வரைக்கும் முன்னாடி குனிஞ்சு, அப்புறம் எந்திரிக்கணும். கைப்பிடி இருக்கற உயரமான சேர்ல ஆரம்பிங்க, வேணும்னா மேல ஒரு மடிச்ச போர்வை போட்டுக்கோங்க, வாரம் ஒரு மடிப்பு குறைச்சுட்டே வாங்க. தினமும் சாப்பாட்டுக்கு முன்னாடி பத்து தடவை. இந்த ஒரு வேலையிலயே மடக்கமும் கெடைக்குது, தொடை பலமும் கெடைக்குது, நான் கொடுக்கற எக்சர்சைஸ்ல ஒண்ணுதான் வச்சுக்கலாம்னு யாராவது சொன்னா இதத்தான் வச்சுப்பேன். பள்ளமா உள்ள போற சோபா மட்டும் வேணாம், அதுல இருந்து தூக்கிவிட ரெண்டு ஆள் வேணும்.

படி. ஏறப்போ முதல்ல நல்ல கால், இறங்கப்போ முதல்ல ஆபரேஷன் கால், கைப்பிடிய விடக்கூடாது. இது ஆஸ்பத்திரியிலயே சொல்லியிருப்பாங்க, "நல்ல கால் மேல போகும், வலிக்கற கால் கீழ போகும்"னு நான் சொல்லி வைப்பேன், மனசுல நிக்கும். ஒவ்வொரு படியிலயும் ரெண்டு காலும் சேரணும். ஒரு வாரம் இப்படி ஏறி இறங்கி பயம் தெளிஞ்சதும் ஏறப்போ மட்டும் மாத்தி மாத்தி வைக்கலாம், இறங்கறத அவசரப்படுத்தாதீங்க, இறங்கறதுக்குத்தான் மடக்கமும் ஜாஸ்தி தொடைக் கட்டுப்பாடும் ஜாஸ்தி. நம்ம வீட்டு மாடிப்படி பாதிக்கு மேல இடத்த மிச்சம் புடிக்கறேன்னு செங்குத்தா கட்டினது, படி ஒசரமா இருந்தா இன்னும் கூடுதலா மடங்கணும், அதனால மாடியில பழகாம வாசப்படி ஒண்ணுல பழகுங்க. டவுன் பஸ்ல முதல் படி அத விட ஒசரம். நடைபாதை மேட்டுல நின்னு பஸ் கிட்ட வந்தப்புறம் ஏறினா பாதி சிரமம் குறையும், தாழ்தள பஸ் ஓடற ஊர்ல அதுக்கு காத்திருந்து ஏறலாம். ஆட்டோ, கார்னா முதல்ல முதுகக் காட்டி சீட்ல உக்காந்துட்டு அப்புறம் ரெண்டு காலையும் சேத்து உள்ள திருப்பணும், சீட் மேல ஒரு பிளாஸ்டிக் பை போட்டா வழுக்கிட்டுத் திரும்பிடும்.

தரையில உக்கார்றதப் பத்தி கேட்டிருக்கீங்க. எதிர் வீட்டு அக்கா உக்காந்து காட்டினாங்கன்னா அவங்களால முடிஞ்சிருக்கு, அவ்வளவுதான், அதனால அது நல்லதுன்னு ஆகிடாது. மூட்டுக்குள்ள மேல ஒரு உலோகம், கீழ ஒரு உலோகத் தட்டு, நடுவுல பிளாஸ்டிக். ரொம்ப ஆழமா மடக்கறப்போ அழுத்தம் எல்லாம் அந்த பிளாஸ்டிக்கோட பின் விளிம்புல போய் விழுது, சம்மணம் போட்டா கூடவே முறுக்கலும் சேருது. உக்கார்றத விட தரையில இருந்து எந்திரிக்கறது இன்னும் மோசம், அதுல விழுந்தா எலும்பு உடையற வரைக்கும் போகும். இந்த மூட்டோட இன்னைக்கு இருக்கற வடிவம் 1974 வாக்குல நியூயார்க்ல உருவானது, நாற்காலியில உக்கார்றவங்களுக்கு யோசிச்சது, அதுல வேலை செஞ்சவர்ல ஒருத்தர் நம்ம நாட்டுல பொறந்த டாக்டர் ரணவத். 2000த்துல மும்பையில வாஜ்பாயிக்கு இடது முட்டி மாத்தினவரும் அவர்தான், அடுத்த வருஷம் வலதும் மாத்தினார். நம்ம ஊர்ல பலருக்கு இப்படி ஒரு ஆபரேஷன் இருக்குன்னே அப்போதான் தெரியும். பிரதமருக்கே பண்ணாங்களாமேன்னு கேட்டுட்டு வருவாங்க.

ஆக சம்மணமும் குத்த வைக்கறதும் தினசரி வழக்கமா வேணாம். கக்கூஸ் இந்தியன் டைப்னா இதுல பேச்சே இல்ல, மேல வைக்கற கமோட் சேர் வாங்கிப் போடுங்க, சுவத்துல ஒரு கைப்பிடி அடிச்சிடுங்க, வாடகை வீடுன்னாலும் ஓனர்கிட்ட கேட்டு அடிங்க. அரிவாமனைக்கு பதிலா மேசையில கத்தி. துணி துவைக்க ஸ்டூல், அதுவும் குட்டை முக்காலி ஒசரத்துல வேணாம், முட்டி மட்டத்துக்கு இருக்கணும்.

கோலம் பத்தி நீங்க எழுதல, ஆனா வர்ற அம்மாங்க எல்லாரும் மெதுவா கடைசியா கேக்கறது அதுதான். நான் திருப்பிக் கேப்பேன், குனிஞ்சு போடுவீங்களா, குத்த வச்சு போடுவீங்களான்னு. குனிஞ்சு போடறவங்களுக்கு இடுப்புதான் மடங்குது, முட்டிக்கு அதுல பெருசா வேலையே இல்ல, இன்னும் ஒரு மாசம் போய் பேலன்ஸ் வந்ததும் கால அகட்டி வச்சு சின்னதா போடலாம், தண்ணி தெளிச்ச வாசல்ல வழுக்காம பாத்துக்கணும். குத்த வச்சு போடறவங்க வழக்கத்த மாத்திக்கணும். ஏதாவது கீழ விழுந்தாலும் அப்படித்தான், மேசைய ஒரு கையில புடிச்சு, வலது கால பின்னாடி சறுக்கிவிட்டு, இடது முட்டிய மட்டும் மடக்கி எடுக்கணும்.

முட்டி போடறது வேற கணக்கு. சர்ச்சுல முட்டி போடணும், தொழுகையில உக்காரணும்னு கேக்கறவங்க இருக்காங்க. முட்டி போட்டா மூட்டு கெட்டுடும்னு பொதுவா சொல்ல முடியாது, தழும்பு மேல அழுத்தறப்போ பிடிக்காது, கூசும், பலரால முடியறதில்ல. தழும்பு நல்லா ஆறினப்புறம் உங்க டாக்டர் சரின்னா மெத்தை மேல போட்டுப் பாக்கலாம், இல்லன்னா சேர்.

சூடு, சத்தம். பத்து வாரத்துல முட்டி சூடா இருக்கறது சகஜம், ஆறு மாசம், சிலருக்கு ஒரு வருஷம் கூட லேசா சூடு இருக்கும். சாயந்தரம் வீங்கி இருந்தா அன்னைக்கு ஜாஸ்தி நின்னிருப்பாங்க, கால தூக்கி வச்சு துணியில சுத்தின ஐஸ் கால் மணி நேரம். வீங்கின முட்டிய பிடிச்சு அழுத்தி மடக்காதீங்க, உள்ள தண்ணி நிக்கறப்போ மடங்காது, இன்னும்தான் வீங்கும். உங்க தம்பி பின்னாடி நின்னு அழுத்தறார்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அத இன்னையோட நிறுத்தச் சொல்லுங்க. அம்மா பயந்து இறுக்கறதுக்கு அது ஒரு காரணமா இருக்கும். மடக்கணும்னா அவங்களே சேர்ல உக்காந்து, நல்ல கால வலது கால் முன்னாடி போட்டு மெதுவா பின்னாடி தள்ளி, வலி தாங்கற எடத்துல அரை நிமிஷம் நிறுத்தட்டும், கட்டுப்பாடு அவங்க கையில இருந்தா தான் விடுவாங்க. டக் டக் சத்தம் உலோகமும் பிளாஸ்டிக்கும் உரசறது, தொடை பலம் வர வர குறையும். தழும்புக்கு வெளிப்பக்கம் உள்ளங்கை அளவுக்கு மரத்துப் போயிருந்தா அதுவும் பயப்பட வேணாம், தோலுக்குப் போற சின்ன நரம்பு வெட்டுல அறுந்திருக்கும், இடம் சுருங்கும், கொஞ்சம் மிஞ்சினாலும் மிஞ்சும்.

ஆனா காய்ச்சல் வந்தாலோ, தழும்புல நீர் கசிஞ்சாலோ, செவப்பு நாளுக்கு நாள் ஏறினாலோ, இருந்த வலி திடீர்னு கூடினாலோ காத்திருக்காம ஆபரேஷன் பண்ண டாக்டர்கிட்ட போங்க, தெரு முனை கிளினிக்ல ஆன்டிபயாடிக் மட்டும் வாங்கி ஓட்டாதீங்க. கெண்டைக்கால் மட்டும் ஒரு பக்கமா வீங்கி வலிச்சா அன்னைக்கே போகணும், நெஞ்சு வலி, மூச்சு வாங்கறதுன்னா 108.

அப்புறம் நீட்டம் பாக்கி இருந்தாலோ, மூணு வாரமா 95லயே நின்னுட்டு இருந்தாலோ, அடுத்த ரிவ்யூ தேதி வரைக்கும் பொறுக்காம முன்னாடியே போய்ப் பாருங்க. 90ஐ தொடாத முட்டிய மயக்கம் கொடுத்து மடக்கிவிடற ஒரு முறை இருக்கு, அது முதல் மூணு மாசத்துக்குள்ள பண்ணாத்தான் நல்ல பலன், உங்க அம்மாவுக்கு அது தேவைப்படும்னு எனக்குத் தோணல, ஆனா முடிவு எடுக்க வேண்டியவர் டாக்டர், அவர் கையில நேரம் இருக்கணும்.

எனக்கு ஒரு வீடியோ அனுப்புங்க. அம்மாவுக்கு தெரியாம எடுத்தா நல்லது, தெரிஞ்சா ஒழுங்கா நடப்பாங்க. ஹால்ல இருந்து அடுப்படிக்குப் போய்ட்டு வர்றத பக்கவாட்டுல இருந்து எடுங்க, அப்புறம் ஒரு தடவை சேர்ல இருந்து எந்திரிக்கறத. நைட்டியில இருந்தா முட்டி தெரியாது, வீடு தொடைக்கறப்போ சேலைய தூக்கிச் சொருகியிருப்பாங்கல்ல, அப்போ எடுங்க.